வேங்கி நாடு: கொண்டதும் கொடுத்ததும்

முதல் இராசராச சோழனது மெய்க்கீர்த்தியை முதுகலை வகுப்பிற் பாடமாக நடத்தும்போது, மாணவர் ஒருவரேனும் எழுப்பும் வினா ஒன்று உண்டு. வேங்கை நாடும் கங்கபாடியும் நுளம்பபாடியும் இம்மன்னன் தன் படை வலியாற் கொண்டவை என்று மெய்க்கீர்த்தி கூறுகின்றது. கொண்டது உண்மையாயின், வேங்கி நாட்டு அரசர் அதன் பின்னரும் தம் பெயராலேயே முடிசூடித் தம் குலமுறை கூறிச் செப்பேடு வழங்கியது எங்ஙனம்? இவ்வினாவை நெடுநாள் யாம் இரண்டொரு சொற்களிற் கூறிக் கடந்து வந்தோம். வேங்கி சோழர்க்கு அடங்கிய நாடு, ஆதலின் அங்ஙனம் கூறப்பட்டது என்பதே எம் விடையாக இருந்தது. அவ்விடை போதாது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். ஒரு நாடு தன் அண்டை நாட்டின் பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுதல் என்பது பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் எவ்வெவ் வகையாக நிகழ்ந்தது என்பதை ஆராயாமல் 'கொண்ட' என்னும் அவ்வொரு சொல்லுக்குப் பொருள் காண்டல் அரிது.

மெய்க்கீர்த்தியிலேயே இதற்குச் சான்று உள்ளது. கங்கபாடியைக் குறிக்கும் அதே வினை வேங்கை நாட்டுக்கும் உரியதாய் நிற்கின்றது. இராசராசனது ஆட்சியின் பிற்பகுதியில் அப்பட்டியலிற் சேர்ந்த இரட்டபாடி ஏழரை இலக்கத்திற்கும் அதுவே உரியது. ஆனால் இம்மூன்று நாடுகளின் நிலையும் ஒன்றன்று. கங்கபாடி சோழப் பேரரசின் மண்டலமாக உண்மையிலேயே ஆயிற்று. முடிகொண்ட சோழமண்டலம் என்று அது பெயர் மாற்றம் பெற்றது. அதன் பழைய தலைநகராகிய தலைக்காடு இராசராசபுரம் ஆயிற்று. நுளம்பபாடி நிகரிலிச் சோழமண்டலம் ஆயிற்று. ஈழம் மும்முடிச் சோழமண்டலம் ஆயிற்று. பாண்டிநாடும் இராசராசப் பாண்டிமண்டலம் ஆயிற்று. இரட்டபாடியோ மேலைச் சாளுக்கியரது நாடு. சோழர் படை அதனுட் புகுந்து ஊர்களை அழித்து மீண்டதேயன்றி அங்கே நிலைத்து ஆண்டதில்லை. வேங்கி இவ்விரண்டனுள் எதனையும் ஒத்ததன்று. சோழ மன்னரின் சிறப்புப் பெயர் அதற்கு இடப்படவில்லை; சோழ இளவரசர் எவரும் இராசராசன் காலத்தில் அங்கே ஆளப் போகவில்லை; அதன் அரியணையில் அந்நாட்டு மன்னர் குலத்தவரே வீற்றிருந்தனர். எனவே சேர்த்துக்கொண்ட நாடு, காத்துக்கொண்ட நாடு, கொள்ளையிட்ட நாடு ஆகிய மூன்றையும் ஒரு வினையால் உணர்த்துவது மெய்க்கீர்த்தியின் மரபு என்க. பள்ளிகளிற் சுவரில் தொங்கும் வரலாற்றுப் படங்களில் தஞ்சைக்கும் வேங்கிக்கும் ஒரே வண்ணம் தீட்டப்பட்டிருப்பதை யாம் கண்டுள்ளோம். மெய்க்கீர்த்தியை அப்படியே வண்ணமாக மாற்றியதன் விளைவு அது.

இச்சொல்லின் பொருளைச் சோழர் அறியாமற் பயன்படுத்தினர் என்று எண்ணுதல் கூடாது. அதனைத் தம் உடலிலேயே உணர்ந்தவர் அவர். கி.பி. 949-இல் தக்கோலத்தில் நிகழ்ந்த போரில் இராசாதித்தன் யானைமேல் இறந்துபட்டான். இராட்டிரகூட மன்னனாகிய மூன்றாம் கிருட்டிணன் தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றிக் கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று தமிழ்க் கல்வெட்டுக்களிலேயே தன்னைக் குறித்துக்கொண்டான். கச்சியைப் பொறுத்தவரை அஃது உண்மை. தொண்டை மண்டலத்துக் கோயில்களில் அவனுடைய ஆட்சியாண்டுகள் தொடர்ந்து வெட்டப்பட்டன. தஞ்சையைப் பொறுத்தவரை அது வெறும் புகழ்ச்சி; அந்நகர்ப் புறத்தில் அவன் ஆட்சி நிலைத்ததற்குச் சான்று இல்லை. ஒரே தொடரில் அமைந்த இரண்டு ஊர்ப்பெயர்களுக்கு ஒரே வினை இருவேறு பொருள் தருகின்றது. சோழநாடு தன் மண்டலம் ஒன்றை அண்டை நாட்டுக்கு இழந்து ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் குறுகிக் கிடந்த அந்நிகழ்ச்சியே, வடக்கு எல்லையைப் பற்றிப் பின்வந்த சோழர் கொண்ட அச்சத்திற்கு வித்து என்பது எம் கருத்து.

இனி வேங்கியின் நிலையை நோக்குவாம். கிருட்டிணை, கோதாவரி என்னும் பேராறுகளுக்கு இடைப்பட்ட வளநாடு அது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாதாபிச் சாளுக்கியனாகிய இரண்டாம் புலிகேசி அதனை வென்று தன் தம்பியாகிய குப்ச விட்டுணுவர்த்தனனிடம் ஒப்படைத்தான். அத்தம்பியின் வழியினரே கீழைச் சாளுக்கியர் ஆவர். வாதாபி அழிந்த பின்னும் அவர்கள் தனியரசராய் நிலைத்தனர். பின்னர் கி.பி. 973-இல் இரண்டாம் தைலபன் இராட்டிரகூடரை வீழ்த்தி மேலைச் சாளுக்கியர் ஆட்சியை நிறுவினான். தம்மை வாதாபி மரபினர் என்று கூறிக்கொண்ட அம்மன்னர்க்கு, வேங்கி தம் முன்னோர் வென்று தந்த நாடு, ஆதலின் தமக்கே உரியது என்னும் எண்ணம் தோன்றியது இயல்பே. உரிமைக்கு முந்நூறு ஆண்டுப் பழங்கதை போதும்போலும்.

அதே 973-ஆம் ஆண்டளவில் வேங்கியில் தானார்ணவன் என்னும் அரசன் கொல்லப்பட்டான். சடாசோட வீமன் என்பான் நாட்டைக் கைப்பற்றினான். தானார்ணவன் மக்களாகிய சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழநாட்டிற் புகலடைந்தனர். பின்வந்த கீழைச் சாளுக்கியச் செப்பேடுகள் வீமனது ஆட்சியை ஆட்சியாகவே கருதாமல், நாடு இருபத்தேழு ஆண்டு தலைவனின்றி இருந்தது என்று கூறி அமைகின்றன. கி.பி. 999-ஐ ஒட்டி இராசராசனது படை சக்திவர்மனை வேங்கி அரியணையில் அமர்த்தியது. விமலாதித்தன் இராசராசன் மகளாகிய குந்தவையை மணந்தான். இராசராசன் கொண்ட வேங்கை நாடு இதுவே. அவன் அதனைக் கொண்டதும் மெய், கொண்ட அன்றே உரியவனிடம் கொடுத்ததும் மெய். மெய்க்கீர்த்தி முன்னதை மட்டும் கூறியது.

கையில் வந்த நாட்டை இராசராசன் ஏன் கொடுத்தான்? அருள் என்று கூறுவது பொருந்தாது. கங்கபாடியின்பால் அவன் அவ்வருளைக் காட்டவில்லை. வேங்கியைத் தன் மண்டலமாக ஆக்கினால், தமிழ் வழங்காத, நிலவுரிமையும் ஊராட்சியும் வேறு வகையான, தஞ்சையினின்று நெடுந்தொலைவில் உள்ள நாட்டில் நிலைப்படை வைத்து வரி தண்ட வேண்டும். மேலைச் சாளுக்கியரோடு கிழக்கும் மேற்குமாக நீண்ட எல்லை முழுவதையும் தானே காக்க வேண்டும். அங்கே உரிமை மன்னன் ஒருவனை மருமகனாகவும் நண்பனாகவும் வைத்துக்கொண்டால் அவ்வெல்லையை அவனே காப்பான். சோழர்க்கு வேண்டியது வேங்கியின் நிலம் அன்று. வேங்கி அரியணையில் இருப்பவன் யார் என்பதே.

மேலைச் சாளுக்கியர் இதனைப் பொறுத்தாரல்லர். கி.பி. 1006-இல் சத்தியாசிரயன் படை வேங்கியுட் புகுந்து தரணிக்கோட்டையை அழித்துச் செப்ரோலு வரை வந்தது. அப்படையை விலக்க இராசராசன் தன் மைந்தன் இராசேந்திரனை வேங்கிக்கு விடுத்தானல்லன், இரட்டபாடிக்கு விடுத்தான். பகைவன் வீட்டிற் புகுந்தால் அவன் அயல்வீட்டை விட்டு ஓடிவருவான் என்பது அவன் கணக்கு. அக்கணக்குப் பிழைக்கவில்லை. ஆயின் அதற்கு விலை கொடுத்தவர் யார்? 1007-ஆம் ஆண்டைய ஓட்டூர்க் கன்னடக் கல்வெட்டு இதற்கு விடை தருகின்றது. சோழன் ஒன்பது நூறாயிரம் படையோடு தோனூர் வரை வந்து நாட்டைப் பாழாக்கினான் என்றும், பெண்டிரையும் குழவியரையும் அந்தணரையும் கொன்றான் என்றும் அது முறையிடுகின்றது. படைத்தொகை மிகைபடக் கூறப்பட்டது என்பது வெளிப்படை. பகைவன் வெட்டிய கல்லாதலின் ஏனையவும் மிகையே என்று நம்மவர் சிலர் ஒதுக்குவர். நம் மன்னர் கல்லில் வெட்டிய வெற்றியை எழுத்தெண்ணி நம்பும் நாம், பிறர் கல்லில் வெட்டிய துயரத்தை மட்டும் மிகையென்று தள்ளுதல் ஆராய்ச்சி நெறியாகாது. வேங்கியில் எவன் முடிசூடுவது என்ற வழக்கிற்கு யாதொரு தொடர்பும் இல்லாத கன்னட நாட்டு ஊர்கள் அவ்வழக்கின் பொருட்டு எரிந்தன.

அடுத்த தலைமுறையில் வழக்கு இன்னும் சிக்கலாயிற்று. விமலாதித்தனுக்குக் குந்தவையிடம் பிறந்தவன் இராசராச நரேந்திரன். மற்றொரு மனைவியிடம் பிறந்தவன் ஏழாம் விசயாதித்தன். முன்னவனைச் சோழர் ஆதரித்தனர். பின்னவனை மேலைச் சாளுக்கியன் இரண்டாம் சயசிங்கன் ஆதரித்தான். கி.பி. 1022-இல் நரேந்திரன் முடிசூடினான். அவனுடைய கோருமெல்லிச் செப்பேடு தன் குலத்தைத் திங்களிலிருந்து தொடங்கிப் பாண்டவர் வழியாகச் சாளுக்கியர் வரை கொண்டுவந்து நிறுத்துகின்றது. அரசனுடைய தாய் கதிரவன் குலத்து இராசராசன் மகள் என்பதையும் இராசேந்திரனுக்கு உடன்பிறந்தவள் என்பதையும் பெருமையோடு கூறுகின்றது. மாமன் வீட்டுப் பெருமை அது. அடிமை நாட்டின் ஓலையன்று. இந்நரேந்திரனே இராசேந்திரன் மகள் அம்மங்கை தேவியை மணந்தவன். தெலுங்கில் மாபாரதம் பாடத் தொடங்கிய நன்னயபட்டர் இவனுடைய அவைக்களத்தவர்.

சோழரும் வேங்கியும் கொண்ட உறவின் தன்மையைக் கலிதிண்டிச் செப்பேடு காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டவில்லை. மேலைச் சாளுக்கியரோடு நிகழ்ந்த போர் ஒன்றில் சோழர் படைத்தலைவர் மூவர் வேங்கி மண்ணில் வீழ்ந்தனர். அவருள் ஒருவன் மிலாடுடையான் என்னும் பட்டமுடையவன். நடுநாட்டுத் திருக்கோவலூர்ப் பகுதியாகிய மிலாட்டுக்குரிய பெயர் அது. அம்மூவர் நினைவாகக் கலிதிண்டியில் மூன்று சிவன் கோயில்களை நரேந்திரன் எடுப்பித்து நிலமும் அளித்தான். பெண்ணையாற்றங்கரைப் பெயரைத் தாங்கிய ஒருவனுக்குக் கிருட்டிணை பாயும் நாட்டிற் கோயில் எழுந்தது. தன் நாட்டைக் கவர்ந்தவன் படைத்தலைவனுக்கு எவனும் இங்ஙனம் கோயில் எடுப்பதில்லை. இச்செப்பேட்டைத் தமிழ் மாணவர் பலர் அறியார் என்பது எமக்கு வருத்தம் தருவதொன்று.

எனினும் இவ்வுறவு எந்நாளும் உறுதியாக இருந்ததாகக் கூறுதற்கில்லை. நரேந்திரன் அரியணையை இழந்தும் பெற்றும் வாழ்ந்தவன். ஆகவமல்லனாகிய முதல் சோமேசுவரன் காலத்தில் மேலைச் சாளுக்கியர் கை வேங்கியில் ஓங்கியது. அவன் மகன் இரண்டாம் சோமேசுவரன் வேங்கி நகர்க்கு இறைவன் என்னும் பட்டத்தையே பூண்டான். கொப்பத்தில் 1054-இல் முதல் இராசாதிராசன் யானைமேல் மாண்டதும், அவன் தம்பி போர்க்களத்திலேயே முடிசூடிப் போரை வென்றதும் தமிழறிஞர் யாவரும் அறிந்தவை. நரேந்திரன் 1061-இல் மறைய, விசயாதித்தன் வேங்கியைக் கைக்கொண்டான். பின்னர் வீரராசேந்திரன் விசயவாடையருகே மேலைச் சாளுக்கியர் படையை வென்று வேங்கியை மீட்டான். மீட்டவன் என்ன செய்தான்? தன் அடியில் வந்து புகலடைந்த விசயாதித்தனுக்கே அந்நாட்டைக் கொடுத்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகின்றது. இராசராசன் மெய்க்கீர்த்தி சொல்லாமல் விட்ட கொடையை வீரராசேந்திரன் மெய்க்கீர்த்தி வாய்விட்டுச் சொல்லிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டு இடைவெளியில் இரு சோழர் வேங்கியைக் கைக்கொண்டு இருவரும் அதனைச் சாளுக்கியனிடமே தந்தனர்.

வீரராசேந்திரன் 1070-இல் இறந்தபின் நிகழ்ந்தவற்றை இரண்டு காப்பியங்களின் துணைகொண்டே அறிதல் வேண்டும். ஒன்று நம் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. மற்றொன்று காசுமீரத்துப் பில்கணர் வடமொழியில் இயற்றிய விக்கிரமாங்கதேவ சரிதம். பின்னையது பியூலரால் செசல்மேரில் கண்டெடுக்கப்பட்டு 1875-இல் அச்சேறியது. அதற்கு முன்னர் வாழ்ந்த தமிழ்ப் புலவர்க்குப் பரணி ஒன்றே சான்று.

பில்கணர் கூறுவது இது: மேலைச் சாளுக்கிய இளவரசனாகிய விக்கிரமாதித்தன் சோழன் மகளை மணந்தவன். மாமன் இறந்து நாடு கலங்கியதைக் கேட்டுக் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் படையோடு வந்தான். மைத்துனனை அரியணையில் இருத்தி மீண்டான். சின்னாளில் அம்மைத்துனன் கலகத்தில் உயிரிழந்தான். வேங்கி மன்னனாகிய இராசிகன் சோழ முடியைக் கவர்ந்தான். மைத்துனன் என்பான் அதிராசேந்திரன். இராசிகன் என்பான் இராசராச நரேந்திரனுக்கும் அம்மங்கைக்கும் பிறந்த இராசேந்திரன், பின்னாளைய முதல் குலோத்துங்கன்.

இங்கு நோக்கற்பாலது ஒன்று உண்டு. பெண் கொடுத்தும் கொண்டும் உறவாகி, ஆளுரிமையில் ஐயம் எழுந்தபோது படையோடு சென்று தனக்கு வேண்டியவனை அமர்த்தித் திரும்புதல் இராசராசன் வேங்கியிற் செய்தது. அதனையே விக்கிரமாதித்தன் சோழநாட்டிற் செய்தான். அதிராசேந்திரன் நீடு வாழ்ந்திருப்பின், மேலைச் சாளுக்கியர் மெய்க்கீர்த்தி ஒன்று சோழநாட்டைக் கொண்ட நாடுகளின் பட்டியலிற் சேர்த்திருக்கும். எழுபது ஆண்டுகளாக வேங்கி நின்ற இடத்தில் கங்கைகொண்ட சோழபுரம் சில கிழமைகள் நின்றது. அந்நிலையை மாற்றியவன் வேங்கியிலிருந்து வந்தவன் என்பதுதான் வியப்பு.

சயங்கொண்டார் இவற்றுள் எதனையும் இம்முறையிற் கூறவில்லை. அவர் அதிராசேந்திரன் பெயரையே சுட்டவில்லை. குலோத்துங்கன் பிறந்தபோது பாட்டி அவனிடம் சோழர் குலத்துக்கு உரிய இலக்கணங்களைக் கண்டு மகிழ்ந்ததையும், அவன் வடதிசையில் இருந்த காலத்தில் சோழன் இறக்க நாட்டில் முறை பிறழ்ந்ததையும், அவன் வந்து அதனை நிறுத்தியதையும் பாடினார். வேங்கிக்கு உரியவன் சோழநாட்டைக் கொண்டான் என்று பில்கணர் கண்ட இடத்தில், சோழன் தன் நாட்டிற்கு மீண்டான் என்று பரணி காண்கின்றது. இரண்டும் அவைக்களப் பாடல்கள். இரண்டும் புரவலன் பக்கம் சாய்ந்தவை. தாய்வழியால் அவன் சோழன், தந்தைவழியால் சாளுக்கியன் என்னும் நிலை இரு புலவர்க்கும் இடம் தந்தது. இலக்கியச் சுவையிற் பரணிக்கு நிகர் இல்லை என்பதில் எமக்கு ஐயம் இல்லை. ஆனால் 1070-இன் வரலாற்றுக்குப் பரணியை மட்டும் சான்றாகக் கொள்வோர் ஓர் அரசன் இறந்துபட்டதையே அறியாமற் போவர்.

குலோத்துங்கன் சோழ முடியோடு வேங்கி முடிக்கும் உரியவன் ஆனான். நூறாண்டாகச் சோழர் செய்யாமல் விடுத்த இணைப்பு, படையெடுப்பாலன்றிப் பிறப்புரிமையால் கைகூடிற்று. அதன் பின்னரே வேங்கியின் நிலை மாறியது. முதலில் சிற்றப்பனாகிய விசயாதித்தனே அங்கு ஆண்டான். அவன் 1076-ஐ ஒட்டி மறைந்தபின் குலோத்துங்கன் தன் மக்களை ஒருவர்பின் ஒருவராக அனுப்பினான். இராசராச மும்முடிச் சோடன் சென்று ஓராண்டே ஆண்டான். பெற்றோர் திருவடியில் வாழும் இன்பத்திற்கு அரசின்பம் ஈடாகாது என்று கூறித் திரும்பிவிட்டான் என்று செப்பேடு அதனை நயமாக எழுதுகின்றது. அடுத்து வீரசோடன் 1078-இல் சென்றான், 1084-இல் அவன் திரும்ப, மூத்தவனாகிய இராசராச சோடகங்கன் சென்றான், பின்னும் வீரசோடன், 1092 அளவில் விக்கிரம சோழன். இவர்கள் வழங்கிய செப்பேடுகளும் திங்கள் குலத்தில் தொடங்கிச் சாளுக்கியர் வழியையே பாடுகின்றன. வடிவில் வேங்கி இன்னும் தனியரசே. ஆயின் உண்மையில் அதன் அரியணை, தந்தை அனுப்பினால் ஏறவும் அழைத்தால் இறங்கவும் உரிய பணியிடம் ஆகிவிட்டது. தந்தையின் திருவடி இன்பம் பற்றிய அந்நயமான தொடர் இம்மாற்றத்தையே மறைத்து நிற்கின்றது என்பது எம் துணிபு. தன் நாட்டை ஓராண்டில் சலித்து விட்டுவரும் அரசன் இல்லை, அலுவலன் உண்டு.

பரணி பாடும் கலிங்கப் போரிலும் இதன் அடையாளம் தெரிகின்றது. கருணாகரத் தொண்டைமான் படை பாலாறு தொடங்கிப் பல ஆறுகளைக் கடந்து கோதாவரியையும் தாண்டுகின்றது. வேங்கி அப்படைக்கு வழி, அவ்வளவே. தன் படையோடும் தன் மன்னனோடும் துணைநின்ற நாடாக அது அங்கே பாடப்படவில்லை.

இவ்விணைப்பின் வலிமை 1118-இல் அளக்கப்பட்டது. குலோத்துங்கன் முதுமையுற்றான், விக்கிரம சோழன் சோழநாட்டுக்கு அழைக்கப்பட்டான். அவன் சோழமண்டலம் காக்கச் சென்றபின் வேங்கி நாடு தலைவனின்றி ஆயிற்று என்று, பின்னாளில் மல்லபதேவன் பித்தாபுரத்தில் வெட்டுவித்த கல்வெட்டு கூறுகின்றது. சடாசோட வீமன் காலத்தைக் குறிக்கப் பழைய செப்பேடுகள் கூறிய அதே கருத்து இது. அன்று தலைவனைக் கொண்டுவந்தவர் சோழர். இன்று தலைவனைக் கொண்டுசென்றவரும் சோழரே. விக்கிரமாதித்தனுடைய தண்டநாயகன் அனந்தபாலன் வேங்கியைக் கைக்கொண்டான். தக்கோலத்திற்குப் பின் சோழர் அஞ்சிவந்த ஒன்று இப்போது நிகழ்ந்தது. 1006-இலும் கொப்பத்திலும் விசயவாடையிலும் போரிட்டுத் தடுக்கப்பட்ட மேலைச் சாளுக்கியர், இம்முறை தம்மை எதிர்க்க உள்நாட்டு மன்னன் எவனும் இல்லாத நாட்டிற்குள் எளிதிற் புகுந்தனர். நரேந்திரனைப் போல அரியணையை இழந்தும் மீண்டும் மீண்டும் அதற்காகப் போரிடும் ஒருவன் அங்கு அப்போது இல்லை.

கங்கபாடியும் ஏறத்தாழ அவ்வாண்டுகளிலேயே போசள விட்டுணுவர்த்தனனிடம் போயிற்று; அவன் தலைக்காடு கொண்டவன் என்று பட்டம் பூண்டான். கன்னடத்திலும் அவ்வினை 'கொண்ட' என்பதே. ஆதலின் சேர்த்துக்கொண்ட நாடு நிலைக்கும், காத்துக்கொண்ட நாடு நிலைக்காது என்றோ, அதன் மறுதலையாகவோ யாம் விதி கூற வரவில்லை. வேங்கியைப் பற்றிய வரையில், சோழர் அதனை வேங்கியாக விட்டுவைத்த காலத்தில் அது பலமுறை இழந்தும் மீண்டது. தம் மக்களின் ஆட்சிப் பயிற்சிக்களமாக ஆக்கிய பின்னர் ஒரே முறை இழந்தது, பிறகு முழுமையாக மீளவில்லை. கி.பி. 1126-இல் விக்கிரமாதித்தன் இறந்தபின் விக்கிரம சோழன் அந்நாட்டின் ஒரு பகுதியில் மேலாண்மையைத் திரும்பப் பெற்றான் எனினும், அங்கு உண்மையில் ஆண்டவர் வெலநாட்டுத் தலைவரே.

திராக்ஷாராமத்து வீமேசுவரர் கோயிற் கல்வெட்டுக்களை வரிசையாகப் படிப்போர் இம்மாற்றங்களை எந்தக் காப்பியத்தின் துணையுமின்றி அறியலாம். குலோத்துங்கனுடைய ஆட்சியாண்டு சக ஆண்டோடு சேர்த்து வெட்டப்பட்ட கற்கள் பல அங்கே உள்ளன. அவற்றுக்குப் பின் அதே கோயிலில், 1076-இல் தொடங்கிய சாளுக்கிய விக்கிரம ஆண்டு வரத் தொடங்குகின்றது. கொடை மாறவில்லை, முன்போலவே நந்தா விளக்குகளுக்கே அளிக்கின்றனர். ஆண்டைக் குறிக்கும் முதல் வரி மட்டும் வேறு.